மூலிகைக்குள் ஈயமும் காட்மியமும் எப்படி வருகின்றன? மண்ணில் சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடுமா?

"மூலிகைதானே, சைடு எஃபெக்ட் எல்லாம் இருக்காது." இந்தப் பேச்சைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கீழாநெல்லி, வல்லாரை, நிலவேம்பு, தூதுவளை என்று பெயரைக் கேட்டாலே நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். கொரோனா நேரத்தில் கபசுரக் குடிநீருக்கு நின்ற வரிசையே அதற்குச் சாட்சி.

ஆனால் செடிக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் நிற்கும் மண்ணில் என்ன இருக்கிறதோ, அதைக் குடித்துத்தான் அது வளரும். அந்த மண்ணில் ஈயமும் காட்மியமும் இருந்தால் அவையும் இலைக்கும் வேருக்கும் வரும். மூலிகை என்பதால் மண் அதற்குச் சலுகை காட்டாது.

இதைத் தடுக்க மண்ணிலேயே வழி இருக்கிறது என்கிறது வேளாண் அறிவியல். சுண்ணாம்பு, உமிக்கரி, தொழு உரம், ஜிங்க் சல்பேட் போன்றவற்றைச் சேர்த்தால் உலோகம் செடிக்குள் ஏறுவது குறையும். உண்மைதான். ஆனால் எந்த மண்ணில், எந்த உலோகத்துக்கு, எதைப் போடுவது என்று தெரியாமல் போட்டால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். இந்த இரண்டாவது பாதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்தியாவில் ஆயுர்வேத, சித்த மூலிகை மருந்துகளுக்கு நான்கு உலோகங்களில் வரம்பு இருக்கிறது. ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3 பிபிஎம், பாதரசம் 1 பிபிஎம், காட்மியம் 0.3 பிபிஎம். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்.

இந்த விஷயம் பெரிதாக வெடித்தது 2004-ல். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்ததில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருப்பதாக அந்நாட்டு மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது. அதன் பிறகுதான் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2006 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் என்று உலோகத்தையே சுத்தி செய்து, புடம் போட்டுச் செய்யும் மருந்துகள் உண்டு. அவற்றில் உலோகம் தெரிந்தே சேர்க்கப்படுகிறது. அது வேறு விவாதம். நாம் இங்கே பேசுவது, யாரும் சேர்க்காமலேயே மண் வழியாக இலைக்குள் புகுந்துவிடும் உலோகத்தைப் பற்றி.

வரம்புக்குள் இருந்தால் பயமே வேண்டாமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சூரணத்தில் ஈயம் சரியாக 10 பிபிஎம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் அது பாஸ். தினமும் 5 கிராம் சாப்பிட்டால் உடலுக்குள் போவது 50 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவின் எஃப்டிஏ, உணவு வழியாகச் சேரும் ஈயத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்கு ஒரு நாளைக்கு 8.8 மைக்ரோகிராம். குழந்தைகளுக்கு 2.2 மட்டுமே.

கஷாயமாகக் காய்ச்சிக் குடித்தால் உலோகத்தில் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்கும், மீதி சக்கையோடு போய்விடும். பொடியாகச் சாப்பிட்டால் முழுவதும் உள்ளே போகும். காட்மியத்தின் கதை இன்னும் நீளமானது. சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

செடி ஏமாறும் இடம்

காட்மியத்தால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை. பிறகு ஏன் உறிஞ்சுகிறது? ஆள்மாறாட்டம்தான் காரணம். வேரில் துத்தநாகம், இரும்பு, கால்சியம் போன்ற சத்துகள் நுழைய தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. காட்மியம் பார்க்கத் துத்தநாகம் மாதிரி இருப்பதால் அந்த வாசல் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. ஆர்சனிக், பாஸ்பேட் வேஷம் போடும். ஈயம் அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதது. பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். அது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் மருந்துக்குப் பயன்படுவதே வேராக இருந்தால்? சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கனையும், அஸ்வகந்தாவையும் வேருக்காகத்தானே தோண்டுகிறோம்.

மூலிகைக்கு இன்னொரு கூடுதல் சிக்கல், அதை உலர்த்துவது. பச்சை இலையில் காட்மியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ பச்சை இலை காய்ந்து 1 கிலோ ஆகிறது. காய்ந்தபோது தண்ணீர் மட்டும்தான் போனது, காட்மியம் போகவில்லை. இப்போது அந்த ஒரு கிலோவில் 0.5 மில்லிகிராம் இருக்கும். வரம்பு 0.3. சரக்கு ரிஜெக்ட்.

இந்த உலோகம் மண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்றால் பதில் ஊருக்கு ஊர் மாறும். நெடுஞ்சாலை ஓரம் என்றால் பழைய பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ல் நாடு முழுக்க நிறுத்திவிட்டோம். ஆனால் அதற்கு முன் விழுந்த ஈயம் சாலையோர மேல்மண்ணிலேயே இருக்கிறது. பழைய பேட்டரியை உருக்கும் பட்டறைகள், சாயக் கழிவு, சாக்கடை நீர்ப் பாசனம், பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியம் என்று பட்டியல் நீளும். கங்கைச் சமவெளியில் நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் இருக்கிறது. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் இருக்கும் வேரும் பட்டையும் எல்லாம் நம்மூரில் விளைந்தவை அல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது?

மண் துகள்களின் மேல், குறிப்பாகக் களிமண்ணிலும் மக்கிலும், எதிர்மின் தன்மையுள்ள இடங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் இருக்கும் சீட் மாதிரி. நேர்மின் தன்மையுள்ள காட்மியம், ஈயம் எல்லாம் அங்கே உட்காரும். மண்ணில் அமிலம் கூடினால் ஹைட்ரஜன் கூட்டமாக ஏறி அந்த சீட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இடமில்லாத காட்மியம் மண் ஈரத்துக்குள் இறங்கும். அங்கிருந்து வேருக்கு ஒரு எட்டுதான்.

சுண்ணாம்பு போட்டால் அமிலம் குறையும், பி.எச் உயரும். சீட் காலியாகும், காட்மியம் திரும்பப் போய் உட்காரும். ஈயத்தின் ஒரு பகுதி கரையாத கார்பனேட்டாக மாறும். கொல்லிமலை, ஏற்காடு, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளின் அமில மண்ணில் இது நன்றாக வேலை செய்யும். செலவும் குறைவு.

இப்போது தூத்துக்குடி, விருதுநகர் கரிசலுக்கு வாருங்கள். சென்னா இலை எனப்படும் நிலாவாரை விளையும் மானாவாரி பூமி. கரிசலில் சுண்ணாம்பு இயற்கையாகவே கலந்திருக்கிறது. பி.எச் பல இடங்களில் 8-ஐத் தாண்டும். இங்கே மேலும் சுண்ணாம்பைக் கொட்டினால் உலோகம் குறையாது, பணம்தான் குறையும். இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இலை மஞ்சளிக்கும். யூடியூப் வீடியோவில் "சுண்ணாம்பு போடுங்க, எல்லாம் சரியாகிடும்" என்று யாராவது சொன்னால், "எந்த மண்ணுக்கு?" என்று முதலில் கேளுங்கள்.

வேலை செய்யும் இடத்திலும் இது ஒருமுறை போட்டு மறந்துவிடும் விஷயம் அல்ல. யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களும் மழையும் மண்ணை மறுபடி அமிலமாக்கும். அமிலமானால் பூட்டு திறந்துவிடும்.

ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம்

மண்ணில் சேர்க்கும் பொருள்கள் ஒன்றுக்கொன்று எதிராகவும் வேலை செய்யும். பாஸ்பேட்டை எடுத்துக்கொள்வோம். ஈயத்தோடு சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற கல் போன்ற கனிமமாக மாறி, ஈயத்தைக் கிட்டத்தட்டக் கரையவே விடாது. ஈயத்துக்கு இவ்வளவு உறுதியான பூட்டு வேறு குறைவு. ஆனால் அதே மண்ணில் ஆர்சனிக் இருந்தால், பாஸ்பேட் போய் ஆர்சனிக்கின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அடங்கிக் கிடந்த ஆர்சனிக் கிளம்பிவிடும்.

சுண்ணாம்பும் அப்படித்தான். காட்மியத்தை அடக்கும். பி.எச் கூடும்போது ஆர்சனிக்கை அவிழ்த்தும் விடும். ஆர்சனிக்கைப் பிடித்துவைப்பது இரும்பு. நம் விவசாயிகளுக்குத் தெரிந்த அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், அதற்கு உதவும். ஆனால் அன்னபேதி மண்ணை அமிலமாக்கும். அமிலமானால் காட்மியம்? மேலே பார்த்தோமே, வெளியே வந்துவிடும். அதனால்தான் இரும்போடு சுண்ணாம்பையும் அளவு பார்த்துக் கலந்து போடச் சொல்வார்கள்.

தண்ணீர் கட்டுவதும் ஒருவகைச் சிகிச்சைதான். வல்லாரை மாதிரி ஈரநிலச் செடிக்கு வயலில் தண்ணீர் தேங்கினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கும், ஆர்சனிக் மட்டும் தலைதூக்கும்.

ஜிங்க் சல்பேட்டின் கணக்கு எளிது. துத்தநாகம் பற்றாத மண்ணில் வேர் அதைத் தேடித் தன் வாசல்களை அகலத் திறந்து வைக்கும். அந்த வழியாகக் காட்மியம் வேகமாக நுழையும். துத்தநாகத்தைப் போதுமான அளவு கொடுத்துவிட்டால் போட்டியில் காட்மியம் பின்தங்கும். தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக இருப்பதால் இது கவனிக்க வேண்டிய வழி. பி.எச் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் கரிசலில் சுண்ணாம்பை விட இதற்குத்தான் அர்த்தம் இருக்கிறது.

பயோசார் என்று இப்போது அதிகம் பேசப்படுவது, உமியையோ சீமைக்கருவேல விறகையோ காற்று அதிகம் புகாமல் சுட்டு எடுக்கும் கரி. சாம்பல் அல்ல, கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஏராளம். உலோகம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் பல ஆண்டுகள் அழியாமலும் இருக்கும். செம்மண், மணல்சாரி நிலத்துக்கு நல்லது. ஆனால் பெயின்ட் அடித்த பழைய மரக்கட்டைகளைச் சுட்டுக் கரியாக்கினால், உலோகத்தைப் பிடிக்கப் போட்ட கரியே உலோகத்தைக் கொண்டுவரும்.

போடுகிற உரத்திலேயே இருந்தால்?

மாநகராட்சிக் குப்பையிலிருந்து தயாராகும் நகர்ப்புறக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உலோக வரம்பு இருக்கிறது. காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் வரை அனுமதி. தெருவிளக்குக்கும் பூங்காவுக்கும் பிரச்சினை இல்லை என்று சொல்லலாம். 0.3 பிபிஎம் காட்மியம் தாண்டக் கூடாத ஒரு பயிருக்கு, வருடா வருடம் டன் கணக்கில் அதைக் கொட்டுவது யோசிக்க வேண்டிய விஷயம். தரம் பிரிக்காத குப்பையில் செய்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், தவிர்த்துவிடலாம். சொந்த மாட்டுச் சாணமும் இலைதழையும் மக்கிய தொழு உரம் பாதுகாப்பானது.

பாஸ்பேட் உரத்தில் வரும் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பாறையிலேயே இருப்பதால் அது உரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று, பொட்டாஷ். நாம் வழக்கமாகப் போடும் எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு ஜோடி சேர்ந்து அதை மண் துகளிலிருந்து இழுத்துக்கொண்டு போய் வேர்ப்பக்கம் விடும். உப்புத் தண்ணீர் போர்வெல்லும் அதே வேலையைச் செய்யும். காட்மியம் இருக்கும் நிலத்தில் எம்ஓபிக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போட்டாலே ஓரளவு குறையும். விலை கூடுதல் என்பதும் உண்மைதான்.

பாலாற்றங்கரையில் வேறொரு சிக்கல்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரச்சினை குரோமியம். தோல் பதனிடும் ஆலைக் கழிவு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தந்த தீர்ப்பில்தான், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டும்.

குரோமியத்தில் இரண்டு முகம் உண்டு. ஆறாம் நிலை குரோமியம் நீரில் கரையும், புற்றுநோய் ஆபத்துள்ளது. மூன்றாம் நிலை குரோமியம் பெரும்பாலும் கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். தொழு உரமும் மக்கும் ஆறை மூன்றாக மாற்ற உதவும். இங்கே சாணத்துக்கு இருக்கும் வேலை சுண்ணாம்புக்கு இல்லை. பி.எச் கூடினால் ஆறாம் நிலை குரோமியம் இன்னும் சுலபமாக நகரும்.

சரி, மூலிகை மருந்துக்கான உலோகப் பட்டியலில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் நான்குதானே இருந்தன? ஆமாம். குரோமியம் அதில் இல்லை. பாலாற்றங்கரை வாய்க்காலில் பறித்த வல்லாரை, அந்த நான்கிலும் பாஸ் ஆகிவிடலாம். வல்லாரை மண்ணிலுள்ள உலோகங்களை நன்றாகவே இழுக்கும் செடி என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எதைப் போட்டாலும் தீராதவை

மண்ணில் சேர்க்கும் எதுவும் உலோகத்தை அகற்றுவதில்லை. பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். அகற்ற வேண்டுமென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையைப் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து வந்த காட்மியத்தால் எலும்பு நொறுங்கும் 'இதாய் இதாய்' நோய் பரவிய இடம். அங்கே 800 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வயல்களில் மண்ணையே மாற்றினார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை 2012-ல்தான் முடிந்தது. நம்மூர் அரை ஏக்கர் மூலிகைக்காரருக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

இலைமேல் படியும் தூசிக்கும் மண் மருத்துவம் உதவாது. சாலையோரக் கீழாநெல்லியில் ஈயம் வேர் வழியாக ஏறியதை விட மேலே படிந்ததே அதிகமாக இருக்கலாம். நல்ல தண்ணீரில் அலசி, தார்ச்சாலையில் பரப்பாமல் தார்ப்பாயிலோ மேடையிலோ உலர்த்தினாலே அதில் கணிசமாகப் போய்விடும். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை.

இன்னும் பெரிய ஓட்டை, நாட்டில் விற்பனைக்கு வரும் மூலிகைகளில் பெரும்பகுதி பயிர் செய்யப்படுவதே இல்லை. வரப்பில், ஏரிக்கரையில், காட்டில், ரயில்வே தண்டவாளம் ஓரம் என்று பறித்து வருகிறார்கள். பறிக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த இடத்து மண்ணுக்கு யார் உமிக்கரி போடுவது?

மண் பரிசோதனையில் தெரியுமா?

"மண்வள அட்டை இருக்கே, அதில் பார்த்துக்கலாமே" என்று தோன்றும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச், உப்பு நிலை, கரிமச்சத்து. ஈயமும் காட்மியமும் அதில் இல்லை.

இருந்தாலும் அந்த அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். பி.எச், உப்பு, துத்தநாகம், கரிமம் நான்கும் தெரிந்தாலே சுண்ணாம்பு வேலை செய்யுமா, ஜிங்க் வேண்டுமா, எம்ஓபி ஆபத்தா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத் தனியாக ஆய்வகத்தில் உலோகப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போது இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். மண்ணில் மொத்தம் எவ்வளவு, அதில் செடிக்குக் கிடைக்கும் நிலையில் எவ்வளவு. பூட்டு வேலை செய்கிறதா என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும், மொத்தம் மாறவே மாறாது. முழு நிலத்துக்கும் போடுவதற்கு முன் ஒரு பாத்தியில் போட்டு, ஒரு பாத்தியைச் சும்மா விட்டு, இரண்டின் இலையையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. கூடவே மருந்துச்சத்தையும் பார்க்க வேண்டும். காட்மியம் குறைந்து சென்னாவில் சென்னோசைடும் குறைந்தால் வியாபாரி அதையும் வாங்க மாட்டார்.

இத்தனைக்கும் செலவு விவசாயியுடையது. உள்ளூர்ச் சந்தையில் சுத்தமான இலைக்கும் சாலையோர இலைக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான், இரண்டும் ஒரே சாக்கில்தான் கலக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு மட்டும்தான் கப்பல் ஏறும் முன் சோதனைக்கு நிற்கிறது. ஒப்பந்தச் சாகுபடியில் விதையும் விலையும் பேசுகிற நிறுவனங்கள், அதே ஒப்பந்தத்தில் மண்ணுக்கும் இலைக்கும் உலோகச் சோதனைச் செலவைத் தாங்களே ஏற்பதாக ஒரு வரி எழுதினால், அடுத்த பருவத்திலேயே மாற்றம் தெரியும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று விவசாயிகள் கேட்கலாம்.